வளைவில் ஒரு கொட்டாவி

அந்த வீட்டு மாடிக்கு ஏறி வந்ததும் என் மனைவி முதலில் தேடியது ஒரு நாற்காலியை. செய்யப்போகும் வேலையையும் பார்க்கவில்லை, வேலை கொடுப்பவரையும் பார்க்கவில்லை. தோளில் மாட்டியிருந்த பைகளை இறக்கிவிட்டு, ஜன்னலோரம் கிடந்த மர நாற்காலியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் அசட்டுச் சிரிப்பு சிரித்து, மாடி ஏறியதில் அவளுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஏதோ சமாளித்தேன். வீட்டுக்காரர் மின்விசிறியைப் போட்டார்.

அடித்துப் போட்ட மாதிரி இருந்தோம் நாங்கள் இருவருமே. அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வீட்டை விற்பதற்கு முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கட்டடத்தை வைத்துக் காட்டுவார்களே, அதைச் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. கட்டடம் என் பொறுப்பு. மரம், புல், மண், தண்ணீர் எல்லாம் அவள் பொறுப்பு. அந்த வருஷம் முழுக்க ஒருவன் மாற்றி ஒருவன் நாளைக்கே வேண்டும் என்று கழுத்தைப் பிடித்தான். நான் உட்கார்ந்த இடத்தில் தூங்கினேன். அவள் நின்ற இடத்தில் தூங்கினாள். அதனால் ஒரு பெரியவர் கூப்பிட்டு, பொம்மை ரயிலுக்குச் சுற்றுப்புறம் அமைத்துத் தர வேண்டும், அவசரமே இல்லை என்று சொன்னபோது எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

அவர் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் வெளியூரில். மாடிக் கூடத்தின் பெரும்பகுதியை இடுப்பளவு உயரத்தில் ஒரு பிளைவுட் மேடை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் தண்டவாளத்தை அவரே போட்டிருந்தார். ஒரு இணைப்பில்கூட விரல் தட்டவில்லை. சிக்னலுக்கு ஒயர், கன்ட்ரோல் பெட்டி, எல்லாம் கச்சிதம். ஆனால் தண்டவாளத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. வெறும் பலகை. அவர் அதிக காலம் வண்டி ஓட்டிய ஒரு பாதையை அப்படியே அதில் கொண்டுவர வேண்டும் என்றார்.

மேடையைச் சுற்றி நடந்துகொண்டே ஒவ்வொன்றாக விரலை வைத்துச் சொன்னார். இங்கே ஸ்டேஷன். இங்கே தண்ணீர்த் தொட்டி. இங்கே சரக்குக் கொட்டகை, இங்கே ரயில்வே கேட்காரனின் குடிசை, இங்கே சின்னப் பாலம். பாலத்தைத் தாண்டிப் பாதை இடப்பக்கம் வளைகிறது. அந்த வளைவின் இரண்டு பக்கமும் மண்மேடு, மேட்டின் மேல் மரங்கள். அந்த இடத்தில் மட்டும் விரலை வைக்காமல் வாயால் சொன்னார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆள் மட்டும் வேண்டாம் தம்பி."

"பிளாட்பாரத்துல கூடவா சார்?"

"எங்கயும் வேண்டாம்."

தூங்குகிறாள் என்று நான் நினைத்த என் மனைவி கண்ணைத் திறக்காமலே, ஆளே இல்லாத ஸ்டேஷன் ஸ்டிரைக் நாள் மாதிரி இருக்கும் என்றாள். இருந்துவிட்டுப் போகட்டும்மா என்றார் அவர். அவர் கண்ணுக்குக் கீழே தோல் பை மாதிரி தொங்கியது. எங்களைவிட அசந்து போன ஒரு மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலை செய்தாலும் அதில் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் எங்கள் இருவரையும் வைத்துவிடுவோம். எட்டாவது மாடி பால்கனியில், நீச்சல் குளத்துக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்துத் தூணோரம். விரல் நகம் உயரம்தான் இருக்கும். மெல்லிய செம்புக் கம்பியை முறுக்கி, மேலே புட்டி பூசி, பெயின்ட் அடித்து அவள் செய்வாள். எனக்கு வேண்டுமென்றே தொந்தி வைப்பாள். அவள் மட்டும் தோளில் பையோடு நிமிர்ந்து நிற்பாள். ஓவியர்கள் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவது போல இது எங்கள் கையெழுத்து. எந்த முதலாளியும் இதுவரை கண்டுபிடித்ததில்லை. சின்னச் சந்தோஷம், வேறு என்ன.

ஆள் வேண்டாம் என்று பெரியவர் சொன்னது எங்களையும் சேர்த்துத்தான் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. கையெழுத்து எப்படி ஆளாகும்?

வேலையை அந்த வளைவிலிருந்து ஆரம்பித்தோம். மேடு பள்ளம் முதலில் வந்துவிட்டால் கட்டடங்களைப் பிறகு உட்கார வைப்பது சுலபம். தெர்மோகோலை அடுக்கி, அறுத்து, மேலே பிளாஸ்டர் நனைத்த துணியைப் போர்த்தினேன். அது காய்ந்ததும் அவள் அதற்கு மண் போட்டாள். கடையில் விற்கிற மண்ணை அவள் தொடமாட்டாள். வீட்டில் டீ போட்ட சக்கையை வெயிலில் காயவைத்துச் சலித்து வைத்திருப்பாள், அதைத் தூவினால் மழை பெய்து ஓய்ந்த மேடு மாதிரியே இருக்கும். மரங்களுக்குக் கம்பியில் தண்டு முறுக்கி, மிக்ஸியில் அரைத்துச் சாயம் போட்ட ஸ்பாஞ்சை இலையாக ஒட்டினாள். கடைசியாக, மேட்டின் மேல் ஒரு மரத்தடியில், பார்க்கிறவர்களுக்கு முதுகைக் காட்டியபடி எங்கள் இருவரையும் ஒட்டினாள். ஒட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அந்த மாதிரி அவள் கண்ணடித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் தூக்கம் வந்தது.

தண்டவாளத்துக்கு நடுவே சரளைக்கல் போடுகிற வேலை பொறுமையைச் சோதிக்கும். கடுகைவிடச் சின்னக் கல்லைத் தூவி, தூரிகையால் ஒதுக்கி, நீர்த்த பசையைச் சொட்டு மருந்து விடுவதுபோல ஒவ்வொரு துளியாக விட வேண்டும். மதியம் நான் சரக்குக் கொட்டகைக்குக் கூரை ஒட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இவள் வளைவின் மேல் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எழுப்பினேன். கன்னத்தில் தண்டவாளம் இரண்டு கோடாகப் பதிந்திருந்தது. முகத்தில் தார் ரோடு போட்டிருக்கிறாயே, சுங்கச்சாவடி எங்கே என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. இவ்வளவு சுகமாக எங்கேயும் படுத்ததில்லை என்றாள்.

மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். ஸ்டேஷன் பக்கம் வேலை செய்யும்போது நன்றாக இருப்பாள். வளைவுக்குப் போனால் கை தளரும், கண் இழுக்கும். உடம்பு கெட்டுவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றால், டாக்டர் என்ன சொல்வார், ஓய்வெடு என்பார், அதற்கு எதற்கு டாக்டர் என்று வாயை அடைத்தாள். சரி, வளைவை நானே முடிக்கிறேன், நீ அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டு நான் பசைக் குப்பியோடு போய் உட்கார்ந்தேன்.

முதலில் வாசனை வந்தது. பசை வாசனையோ பெயின்ட் வாசனையோ இல்லை. சூடான ஈரத்துணியின் வாசனை. அதற்குள்ளே மூக்கைச் சுடுகிற பிளீச்சிங் பவுடர். கீழ்வீட்டில் யாரோ துணி வெளுக்கிறார்கள் என்று நினைத்தேன். கீழே வீடு எதுவும் இல்லை, பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்குதான் என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்து, முழங்காலிலிருந்து ஒரு பாரம் மேலே ஏறியது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தவனுக்கு வருகிற பாரம். நானோ ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது என் காதுக்குப் பக்கத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

நீளமான கொட்டாவி. மூச்சை உள்ளே இழுத்து, தாடை சொடுக்கி, ஆவென்று விட்டு, முடிவில் லேசாக முனகுகிற கொட்டாவி. பெண் குரல்.

என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கூடத்தின் அந்தக் கோடியில் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு மரத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஊசியை எடுத்துவிட்டுப் பெரிதாகக் கொட்டாவி விட்டாள். அடுத்த நொடி எனக்கும் வந்தது. கொட்டாவி தொற்றிக்கொள்ளும் என்பார்களே. எங்களுக்கு அதைத் தொற்ற வைத்தது யார்?

இதை அவளிடம் சொல்லவில்லை. களைப்பில் காது இரைகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை மேட்டில் மரத்தடியில் பொம்மையாக நான் மட்டும்தான் தொந்தியோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் இல்லை. தேடினால் மேட்டின் சரிவில், பாதி வழியில் நின்றாள். ஒட்டின பசை விட்டிருக்கும், உருண்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உருண்ட பொம்மை விழுந்து கிடக்கும், நிற்காது. பெரியவர்தான் பார்த்துவிட்டு, எங்களிடம் சொல்லாமல் குறும்பு செய்கிறார் என்று முடிவு கட்டினேன். எடுத்துப் பழைய இடத்திலேயே அழுத்தி ஒட்டினேன்.

அதற்கு அடுத்த நாள் அவள் தண்டவாளத்தின் மேல் இருந்தாள்.

உட்கார்ந்திருந்தாள்.

முழங்கால் மடிந்து, முதுகு கூனி, பை மடியில். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். காய்ந்த புட்டி கல் மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் கம்பியை வளைத்தால் மேலே பொரிந்து உதிர்ந்துவிடும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. உட்கார்ந்த நிலையிலேயே செய்தது மாதிரி இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து என் மனைவி, நூல் தீர்ந்துவிட்டது, தெருமுனைக் கடைவரை போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். நான் பதில் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. நேராகப் பெரியவரின் அறைக்குப் போய் அவரைக் கையோடு அழைத்து வந்து வளைவைக் காட்டினேன். இந்த மாதிரி விளையாட்டு வேண்டாம் சார் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

அவர் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். யார் இங்கே ஆள் வைத்தது என்று கேட்டார். எங்கள் கையெழுத்துக் கதையைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வளைவைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

வேலையில் இருந்தபோது ஒரு விடியற்காலை, அவர் ஓட்டி வந்த சரக்கு வண்டி. பாலம் தாண்டி வளைவில் திரும்பினால் ஒரு பெண் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஹார்னை விடாமல் அடித்திருக்கிறார், பிரேக்கை முழுசாகப் போட்டிருக்கிறார். அத்தனை சரக்கோடு வருகிற வண்டி நிற்க வேண்டுமென்றால் அந்த வளைவு மாதிரி நாலு வளைவு தூரம் வேண்டும். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. சேர்ந்தாற்போல் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு, குறுக்கு வழியாகப் பாதையோரமே வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறாள். என்ன மனக்கஷ்டமோ, வேண்டுமென்றே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள்.

"நான் பார்த்தேன் தம்பி. அவ தலை தொங்கித் தொங்கி நிமிர்ந்துச்சு. பஸ்ஸுல தூங்கறவங்களுக்கு விழுமே, அந்த மாதிரி. சாக வந்தவ அப்படித் தூங்கி வழியமாட்டா. கால் வலிச்சிருக்கு, உட்கார்ந்திருக்கா. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அந்த வளைவை அவர் எத்தனையோ முறை தாண்டியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அங்கே வரும்போது கொட்டாவி வரும் என்றார். கூட இருந்த உதவியாளருக்கும் வரும். ஒருமுறையாவது ஆள் இல்லாத வளைவைத் தாண்ட வேண்டும், அதற்காகத்தான் இந்த மேடையே என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?

பிறகு அவர் குனிந்து பொம்மையை உற்றுப் பார்த்தார்.

"இது யாரு தம்பி?"

"என் மனைவி சார்."

"அவங்க இப்ப எங்க?"

நான் படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

அந்த வீட்டைத் தாண்டியதும் தெரு இடப்பக்கம் திரும்புகிறது. நல்ல வெயில், பட்டப்பகல். திருப்பத்தில், ரோட்டுக்கு நடுவே, நூல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். முதுகு கூனியிருந்தது. தலை தொங்கித் தொங்கி நிமிர்ந்தது. திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

கத்தினேன். அவள் நிமிரவில்லை.

லாரியின் முகம் தெரிந்தபோது அவள் அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். இரண்டு பேரை இழுப்பது போல அவ்வளவு கனம். ஓரத்துச் சாக்கடை மேட்டில் இரண்டு பேரும் விழுந்தோம். லாரிக்காரன் நிறுத்தி, எங்கள் வம்சத்தையே வாழ்த்திவிட்டுப் போனான். அவன் சொன்னது ஒன்றும் தப்பில்லை. எனக்கு அழுகை வந்தது. அவள் தூக்கம் கலையாத முகத்தோடு என்னைப் பார்த்தாள். அவள் சேலையில் பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தது.

"கொஞ்ச நேரம்தாங்க உட்கார்ந்தேன். அவங்க நகர்ந்து இடம் குடுத்தாங்க."

"யாரு?"

"உட்கார்ந்திருந்தாங்களே," என்றாள், வெறும் ரோட்டைக் காட்டி.

சாமான்களைக் கட்டிக்கொண்டு அப்போதே கிளம்பிவிடலாம் என்றேன். பாதி வேலையில் விட்டால் என்ன, நீ எனக்கு முழுசாக வேண்டும் என்றேன். மாடிக்குப் போய் அந்தப் பொம்மையைப் பிடுங்கி, என்னையும் பிடுங்கி, இரண்டையும் நசுக்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். பெரியவர் தடுக்கவில்லை, அவரும் கிளம்புங்கள் என்றுதான் சொன்னார். என் மனைவிதான் அந்த மர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றாள். அவர் சொன்ன கதையை நான் அவளிடம் சொல்லி முடித்திருந்தேன். அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது. பயந்த முகமாகத் தெரியவில்லை. தன் வீட்டு ஆள் யாருக்கோ நடந்ததைக் கேட்ட முகம்.

"நீங்க என்னென்ன கட்டியிருக்கீங்கன்னு பாருங்க," என்றாள். "எஞ்சினுக்குத் தண்ணித் தொட்டி. மூட்டைக்குக் கொட்டகை. கேட்காரருக்குக் குடிசை. நடந்து வர்றவ எங்க உட்காருவா?"

பெரியவர் சொன்னதைத்தான் கட்டினேன் என்றேன். அவரும், அந்த இடத்தில் அப்படி ஒன்றும் கிடையாதும்மா, இருந்ததை இருந்தபடி வைப்பதுதானே முறை என்றார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அப்படி ஒன்று அங்கே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

கட்டடம் பக்கமே வராதவள் அன்றைக்கு என் கத்தியை வாங்கிக்கொண்டாள். வளைவுக்கு முன்னால், தண்டவாளத்துக்கு எட்டாத தூரத்தில், ஒரு சின்ன நிழற்கூடம். நாலு கால், ஒரு சாய்ந்த கூரை, மூன்று பக்கச் சுவர், உள்ளே ஒரு பெஞ்சு. கூரையை நான் செய்தேன். பெஞ்சை அவளே செய்தாள். முதுகு சாய்க்கிற பலகையை எனக்குத் தெரிந்த அளவில் வெட்டிக் கொடுத்தேன், அதைத் திருப்பிக் கொடுத்து இன்னும் கொஞ்சம் சாய்வாக வேண்டும் என்றாள். மரத்தின் விளிம்பு குத்தக்கூடாது என்று உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். விரல் நுனி அளவுகூட இல்லாத பெஞ்சு அது.

ஒட்டும்போது அவள் கை தளர ஆரம்பித்தது. கண் சொருகியது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன், வெந்த துணியின் வாசனை எங்கள் இருவரையும் சுற்றி நின்றது. அவள் குனிந்து, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"இங்க உட்காருங்க. இல்லையா, எங்ககூட வந்துகூட உட்காருங்க. அங்க மட்டும் வேண்டாம்."

வாசனை மெல்லக் குறைந்து, கடைசியில் பசை வாசனை மட்டும் மிஞ்சியது. அவள் நிமிர்ந்து கையை உதறிக்கொண்டு, பசிக்கிறது என்றாள்.

அன்றைக்கும் அதற்குப் பிறகும் நான் அவளை ஒரு நிமிஷம்கூட விட்டுப் பிரியவில்லை. கடைக்குப் போனால் கூடவே போனேன். தினமும் வந்ததும் முதல் வேலையாக வளைவைப் பார்ப்பேன். யாரும் இல்லை. மேடு, மரம், நிழற்கூடம், காலியான பெஞ்சு. அவள் வளைவில் உட்கார்ந்து மிச்சச் சரளையைப் போட்டு முடித்தாள், ஒருமுறைகூடக் கண் அயரவில்லை. பாட்டு முணுமுணுத்தாள். என் கட்டடங்கள் புத்தம் புதிதாகப் பல்லை இளிக்கின்றன என்று சொல்லி, கறுப்புப் பெயின்டைத் தண்ணீராகக் கரைத்து எல்லாவற்றுக்கும் வயதாக்கினாள். கல்யாணமான புதிதில் எப்படி இருந்தாளோ அப்படி இருந்தாள். பேயோ பிசாசோ, நல்லபடியாக முடிந்தது என்று நான் மனசார நினைத்தேன்.

முடித்துக் கொடுத்த அன்று பெரியவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து கன்ட்ரோல் பெட்டிக்கு முன்னால் நின்றார். சரக்கு வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது. தொட்டி, கொட்டகை, குடிசை, பாலம். வண்டி நிழற்கூடத்தைக் கடந்து, வளைவில் திரும்பி, மரங்களுக்குப் பின்னால் போய் மறுபக்கம் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. அவர் இன்னொரு சுற்று விட்டார். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார். போகும்போது வாசல்வரை வந்து, இன்றைக்குத் தூங்குவேன் என்று நினைக்கிறேன் என்று சொன்னார்.

பஸ்ஸில் ஏறினோம். சாயங்கால வெயில் ஜன்னலில் அடித்தது. மூன்று பேர் உட்காருகிற இருக்கையில் நான் ஜன்னலோரமும் அவள் நடுவிலுமாக உட்கார்ந்தோம். ஓரத்து இடம் காலி. அவள் வாய் ஓயாமல் பேசினாள். இனி ரயில் வேலை மட்டும் எடுக்கலாம், அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம், நாலு நாள் எங்கேயாவது போய்ச் சும்மா கிடக்கலாம் என்றாள். பேச்சு மெல்லக் குழறியது. தூங்கிவிட்டாள். தூங்கட்டும், எத்தனை நாள் தூக்கம் என்று நான் தோளைத் தாழ்த்திக் கொடுத்தேன்.

நிறுத்தத்துக்கு நிறுத்தம் கூட்டம் ஏறியது. நிற்க இடமில்லாமல் நசுங்கினார்கள். ஆனால் எங்கள் இருக்கையின் ஓரத்தில் யாரும் உட்காரவில்லை. வருகிறவர்கள் அந்த இடத்தைப் பார்த்தார்கள், பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

என் தோளில் அவள் தலை சாயவில்லை.

அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. காலியான பக்கம். தோள் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், கன்னம் லேசாக அழுந்தி, அப்படியே நின்றது. பஸ் பிரேக் போட்டது, எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். அவள் தலை அசையவில்லை.

நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் கையைப் பிடித்தேன். இழுத்தால் வரவில்லை, அவ்வளவு கனம்.

எங்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த ஒரு நடுத்தர வயதுப் பெண் என் பக்கமாகக் குனிந்தாள். கையில் கனமான பை, வேலை முடிந்து வருகிற முகம். உட்கார இடம் கேட்கிறாள் என்று நினைத்தேன். உதட்டில் விரலை வைத்து, ரகசியம் போலச் சொன்னாள்.

"எழுப்பாதீங்க. பாவம், ரெண்டு பேரும் நல்லா அசந்து தூங்கறாங்க."

சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவரும் விட்டார், அவருக்குப் பின்னால் நின்றவரும் விட்டார், அது வரிசையாக டிரைவர் இருக்கையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

பஸ் ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.